அஸ்பெஸ்ரஸ் தூசியும் தொலைவுக்குப் பரவும் புற்றுநோயும்

1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் திரும்பிவந்து துப்புரவாக்கும் வளவுகளில், உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளும் கிடக்கின்றன. அவற்றைக் காய்ந்தபடி உடைத்துக் கூட்டுவதுதான் எமக்குக் கவலை. தூசியிலுள்ள நுண்ணிய நார் சுவாசப்பையின் வெளிச்சவ்வில் தங்கினால், பல பத்தாண்டுகளின் பின் மெசோதீலியோமா எனும் புற்றுநோய் வரலாம். தூசி பட்ட எல்லோருக்கும் வருவதில்லை; நோய் அரிது.

அதிலும் அரிதானது சார்க்கோமா வகை. ஏறக்குறைய பத்தில் ஒன்று. இந்நோய் நெஞ்சோடு நின்றுவிடும் என்றே முன்னர் எண்ணினர். ஆனால் ஈரல், எலும்பு, அபூர்வமாக மூளை வரையும் அது போகிறது. 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெமெற்றெக்செட் மருந்து, சிஸ்பிளாற்றினுடன் சேர்த்துக் கொடுத்தும், இவ்வகைக்கு அதிகம் உதவவில்லை. 2020இல் அனுமதி பெற்ற நிவோலுமாப், இபிலிமுமாப் எனும் இரு எதிர்ப்புச்சக்தி மருந்துகள், இவ்வகையும் கலப்பு வகையும் கொண்டோரின் இடைநிலை ஆயுளை 8.8 மாதத்திலிருந்து 18.1 மாதமாக்கின. பூரண சுகமல்ல, விலையோ பெரிது.

அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியை 2018 முதல் கட்டுப்படுத்த அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அத்தீர்மானம் கைவிடப்பட்டது. தேயிலைக்கு உள்ள மதிப்பு நெஞ்சுக்கு இல்லைப் போலும்!

சீற்றை நனைத்து, உடைக்காமல் கழற்றுங்கள். குடிதண்ணீரே அரிதான நம் தீவுகளில் கடல்நீர் போதும். நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ நீடித்தால், முன்பு சீற் அறுத்த வருடங்களையும் மறவாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.