பிணவறை வாசலில்: அன்றும் இன்றும்

தொழுநோய் வந்தால் கைகால் அழுகி விழும் என்றுதான் வேலூர்ப் பக்கத்திலும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டுக்கு அதில் சந்தேகம். கெட்டுப்போவது சதையா, நரம்பா? தெரிய வேண்டுமானால் நோயாளி ஒருவரின் நரம்புகளை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரேதப் பரிசோதனைக்குச் சொந்தக்காரர்கள் லேசில் சம்மதிக்காத காலம் அது.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ஒருவர் இறந்த செய்தி வந்ததும், பிராண்டும் உடன் பணிபுரிந்தவர்களும் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். கை, கால் நரம்புகளை நீளவாக்கில் திறந்து பார்த்தார்கள். வீக்கம் எல்லா இடத்திலும் இல்லை. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டில், முழங்காலருகே, கணுக்காலில் என்று நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடங்களில் மட்டும் தடித்திருந்தது. அப்படியானால், ஆழத்தில் ஓடும் நரம்புகள் இயக்கும் நல்ல தசைகள் முன்கையில் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்களை மடங்கிப்போன விரல்களுக்கு மாற்றிக் கட்டலாம். தொழுநோயாளியின் கையைச் சீரமைக்கும் உலகின் முதல் அறுவை சிகிச்சை 1948ல் வேலூரில் நடந்தது. பெயர்கூட நமக்குத் தெரியாத அந்த மனிதரின் நரம்புத் துண்டுகளுக்கு எத்தனையோ கைகள் கடன்பட்டிருக்கின்றன.

1969ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையினர் பிரேதப் பரிசோதனையில் எடுத்த சிறுகுடல் துண்டுகளை ஆராய்ந்து எழுதினார்கள். பிறந்த குழந்தையின் குடலுறிஞ்சிகள் விரல் போல இருக்கின்றன. நம் ஊரில் வளர வளர அவை இலை வடிவத்துக்கு மாறுகின்றன. பிறவியில் குறையில்லை, சுற்றுப்புறம்தான் காரணம் என்று எண்ண வைத்த ஆய்வு அது.

அந்தக் காலத்தில் சம்மதம் கேட்டாலும், அது உடலைத் திறப்பதற்கான சம்மதம்தான். எதை எடுத்து வைத்தோம், எத்தனை வருடம் இருக்கும் என்று வீட்டாரிடம் விளக்கும் வழக்கம் வெளிநாட்டிலும் வேரூன்றவில்லை. லிவர்பூல் குழந்தைகள் மருத்துவமனையில் பெற்றோருக்குத் தெரியாமல் உறுப்புகளை வைத்திருந்தது 1999ல் வெளியே வந்து, பிரிட்டன் 2004ல் தனிச் சட்டமே போட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளும், சேமித்த திசுவை ஆய்வுக்கு எடுக்கச் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்கின்றன.

இன்று ஸ்கேனும் பயாப்ஸியும் வந்தபின், நோயை அறிய மருத்துவமனையே செய்யும் பிரேதப் பரிசோதனை அரிதாகிவிட்டது. மிஞ்சியது போலீஸ் கேஸ்தான். தோல் தொழிற்சாலைத் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்தாலும், நெடுஞ்சாலையில் அடிபட்டாலும், உடல் ஆம்பூர் ஜி.எச்.சுக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போகிறது. சந்தேகம் இருந்தால் இரைப்பை, சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரல் துண்டு, சிறுநீரகங்களில் பாதி ஆகியவற்றைக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து, போலீஸ்காரர் கையில் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஃபார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பது கடினம். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய துண்டு மட்டும் ஃபார்மலினுக்குப் போகும்.

இதற்கு வீட்டார் சம்மதம் தேவையில்லை, அது சட்டம். ஆனால் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே நிற்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: “பாடி எப்ப சார் கிடைக்கும்?” ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களுக்கு அன்றைக்கே ஜனாஸா தொழுது அடக்க வேண்டுமே என்ற தவிப்பு. அந்த அவசரத்தில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிப் போகிறவர்களுக்கு, அதில் ஒரு பகுதி பின்தங்குகிறது என்பது தெரியாமலே போய்விடலாம். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

விவரம் சொல்லிக் கேட்டால் வீட்டார் மறுத்துவிடுவார்கள் என்ற பயம் வீண். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995லிருந்து, ஆய்வுக்காக மூளைகளைச் சேமிக்கும் மூளை வங்கி நடக்கிறது. விபத்தில் ஒருவரை இழந்த குடும்பங்களிடம், அந்தத் துக்கத்துக்கு நடுவிலேயே, எதற்காக என்று சொல்லிக் கேட்கிறார்கள், குடும்பத்தாரும் கொடுக்கிறார்கள்.

ஆகவே, அந்த வாசலில் நிற்க நேர்ந்தால் தயங்காதீர்கள். எதை எடுத்தீர்கள், எங்கே அனுப்புகிறீர்கள், அறிக்கை எப்போது வரும் என்று மருத்துவரிடமும் விசாரணை அதிகாரியிடமும் கேளுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸும் இழப்பீடும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருக்கின்றன.