மேடை முதலில், நடிகர் பிறகு
(‘கைக்குள் அடங்கிய உலகம்’ தொடர் – 11)

1977 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் கடைகளில் ஒரு விநோதமான சரக்கு வந்து இறங்கியது. தட்டையான அட்டை உறை. உள்ளே பொம்மை கிடையாது. பொம்மை நிச்சயம் வரும் என்று சொல்லும் ஒரு சான்றிதழ், கொஞ்சம் ஸ்டிக்கர், ரசிகர் மன்ற அட்டை ஒன்று, இவற்றோடு நிமிர்த்தி வைக்கக்கூடிய ஓர் அட்டை மேடை. அந்த மே மாதம் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ அப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று சின்சினாட்டியில் இருந்த கென்னர் பொம்மைக் கம்பெனி எதிர்பார்க்கவில்லை. அச்சு வெட்டி, பிளாஸ்டிக் வார்த்து, பண்டிகைக்குள் கடைக்கு அனுப்ப அவகாசம் போதவில்லை. அதனால் வெறும் உறையையே விற்றார்கள். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால், மறு வருடம் லூக், லியா, ஆர்2-டி2, சூபாக்கா நால்வரும் வீடு தேடி வருவார்கள்.

காலி உறையை விற்ற சாமர்த்தியத்தைப் பலரும் சொல்லிச் சொல்லிச் சிலாகித்துவிட்டார்கள். எனக்கு அந்த அட்டை மேடைதான் முக்கியம். முதல் வரிசைக்குத் திட்டமிட்ட 12 பாத்திரங்களுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருந்தது. நால்வர் வந்து நின்றபின் எட்டு இடம் காலி. அந்தக் காலி இடத்தைத் தினமும் பார்க்கிற பையன் எத்தனை நாள் அப்பா பர்ஸைக் கேட்காமல் இருப்பான்? ஆனால் வியாபாரத்தையும் தாண்டி அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பொம்மை தனியாக நின்றால் அது யார் என்பது மட்டும்தான் தெரியும். இடம் என்று ஒன்று வந்த பிறகுதான் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

வளர்ந்த சேகரிப்பாளர்கள் இன்று அலமாரிக்குள் கட்டுகிற டயோராமாக்கள், அதாவது குட்டிக் காட்சி மேடைகள், அந்தக் கேள்வியில் பிறந்தவைதான். பெயர் பழசு, 1822ல் பாரிஸில் டாகேர், பூட்டோன் இருவரும் பிரம்மாண்டமான ஓவியத்தின் மேல் ஒளியை மாற்றி மாற்றி விழச்செய்து காட்டிய அரங்கின் பெயர் அது. டாகேரின் பெயரால் டாகேரோடைப் என்ற புகைப்பட முறை வந்ததெல்லாம் பின்னால்.

அளவுக் கணக்கு தெரியாமல் இதில் இறங்கினால் பணமும் போய், பார்க்கவும் சகிக்காது. 6 அடி ஆளை 6 அங்குலமாக்கினால் 1:12. மார்வெல் லெஜண்ட்ஸ் போன்றவை இந்த ரகம். ஹாட் டாய்ஸின் 12 அங்குல உருவங்கள் 1:6. கென்னரின் மூன்றே முக்கால் அங்குல ஆட்கள் ஏறக்குறைய 1:18. ஆளுக்குக் கணக்கு பார்த்த கம்பெனிகள் வாகனத்துக்குப் பார்க்கவில்லை, பார்த்தால் கட்டுப்படியாகாது. மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் கதைப்படி சுமார் 34 மீட்டர். 1:18ல் செய்தால் ஒரு கட்டில் நீளம் வந்துவிடும். கென்னர் விற்றது அரை மீட்டரை ஒட்டித்தான். 1985ல் ஹாஸ்ப்ரோ தன் ஜி.ஐ. ஜோ படைவீரர் பொம்மைகளுக்காக யுஎஸ்எஸ் ஃபிளாக் என்று ஏழரை அடி நீள விமானந்தாங்கிக் கப்பலையே விற்றது. அசலான ஒரு நிமிட்ஸ் ரகக் கப்பலை அதே 1:18ல் சுருக்கினால் 60 அடி வரும்!

நம் வீட்டுக் கொலுவில் இந்தக் கண்டிப்பெல்லாம் இல்லை. செட்டியார் தன் கடையைவிடப் பெரிதாக உட்கார்ந்திருப்பார். பார்க்கில் யானையும் கோழியும் ஒரே உயரம். யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அங்கே பொம்மைகள் தரிசனம் கொடுக்க வந்தவை. டயோராமாவில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். கதவு ஆளைவிடக் குட்டையாக இருந்தால் நடப்பது நின்றுவிடும்.

ஒரே ஒரு செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். 9 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உள்ள செங்கல், 1:12 அளவில் முக்கால் அங்குலத்துக்குக் கால் அங்குலம். சாதாரண தெர்மாகோல் இதற்கு ஆகாது. வெட்டினால் மணி மணியாக உதிரும். கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்குப் போடுகிற, எக்ஸ்பிஎஸ் எனும் அடர்த்தியான நுரைப்பலகை வேண்டும். ஸ்கேல் வைத்து பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் அது அப்படியே பள்ளமாக நின்றுவிடும். செங்கல்லுக்கு நடுவே சாந்து ஓடும் இடம் தயார். அடுத்து, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, பலகைமேல் உருட்டி அழுத்த வேண்டும். மொழுமொழு என்றிருந்த பரப்பு கல்போலச் சொரசொரத்துவிடும். இரண்டு மூன்று செங்கல்லின் முனையைக் கத்தியால் கிள்ளிவிடுவது நல்லது.

பெயின்டில்தான் பலர் கவிழ்கிறார்கள். ஸ்ப்ரே டப்பாவை நேராகக் காட்டினால் அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். சுவர் கண்ணெதிரே குழியாகும். ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து ஒரு பூச்சு பூசி, காயவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அதன்மேல் செங்காவி. அதன்மேல், நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பை ஓடவிட்டால் பள்ளங்களில் போய்த் தேங்கிக்கொள்ளும். கடைசியாக, வெளிறிய நிறத்தில் பிரஷ்ஷைத் தோய்த்து, துணியில் துடைத்து, பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்ற பதத்தில் மேலோட்டமாக இழுக்க வேண்டும். மேடான முனைகள் மட்டும் வெளுக்கும். அந்த இழுப்பில் சுவருக்கு முப்பது வயது கூடிவிடும்.

மணலை மட்டும் கடற்கரையிலிருந்து அள்ளிவராதீர்கள். 1 மில்லிமீட்டர் மணல் 1:12 ஆளின் காலடியில் அரையங்குல ஜல்லி. தண்ணீரும் நெருப்பும் இதைவிட மோசம், அவை எந்த ஸ்கேலுக்கும் அடங்குவதில்லை.

பின்னணிக்கு நல்ல பள்ளிக்கூடம் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கார்ல் ஏக்லி பெயரில் 1936ல் திறந்த ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடத்தில் 28 காட்சிகள். கண்ணாடிக்குப் பின்னால் யானையும் கொரில்லாவும் நிற்க, வானம் எங்கோ போய்க்கொண்டே இருக்கும். காரணம், பின்சுவரில் மூலையே கிடையாது, வளைந்த சுவர். வளைவில் வரைந்தால் படம் கோணும் அல்லவா? அதே அருங்காட்சியகத்தில் பின்னணி வரைந்த ஜேம்ஸ் பெர்ரி வில்சன், கட்டங்கள் போட்டுக் கணக்கிட்டு அந்தக் கோணலைச் சரிக்கட்டினார். வீட்டு அலமாரியில் இதைச் செய்ய ஒரு சார்ட் தாளை அரைவட்டமாக வளைத்துச் சொருகினால் போதும். மூலையின் நிழல் மறைந்தாலே தூரம் கூடிவிடும்.

இவ்வளவும் கற்றவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: திணிப்பது. ஒரே தெருமுனையில் இருபது ஹீரோக்கள், எல்லாரும் பாய்ச்சலில், எல்லார் கையிலும் தீப்பிழம்பு. பார்க்கிறவர் கண் எங்கே நிற்கும்? 1970களில் மோனோகிராம் மாடல் பெட்டிகளுக்குள் வந்த துண்டுத்தாள்களால் ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்த சிகாகோக்காரர் ஷெப்பர்ட் பெயின், பெட்டிக்குள் காட்சியை அடைத்து ஒரு ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கவைத்தார். எங்கிருந்து பார்க்க வேண்டும், வெளிச்சம் எதில் விழ வேண்டும் என்பது செய்தவர் கையில். என் கணக்கில் மூன்று உருவம் போதும். நான்காவதை வைக்கத் தோன்றினால் இன்னொரு அலமாரி பார்க்கலாம்.

இந்த விதிகளையெல்லாம் ஓரங்கட்டியவர் மார்க் ஹோகன்காம்ப். 2000 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் ஊரில் ஐந்து பேர் அவரை அடித்துப் போட்டார்கள். ஒன்பது நாள் நினைவில்லை. எழுந்தபோது பழைய வாழ்க்கையின் பெரும்பகுதி மறந்திருந்தது. நடக்க, எழுதப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சிகிச்சைக்குப் பணம் நின்றதும், வீட்டு முற்றத்தில் தானே ஒரு சிகிச்சையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்கால பெல்ஜியத்தில் மார்வென்கோல் என்றொரு கற்பனை ஊர். 1:6 அளவில் மதுக்கடை, தேவாலயம், தெரு. போர்வீரர் பொம்மைகளும் பார்பிகளும் குடிமக்கள். அவருக்கும் அவர் சாயலில் ஒரு கேப்டன். எதையும் ஒட்டி வைக்கவில்லை. கதை நகர நகர ஆட்களை நகர்த்திப் புகைப்படம் எடுத்தார். பொம்மை ஜீப்பின் டயர் தேய்ந்திருக்க வேண்டுமே என்று, பெயின்ட் அடிக்காமல், அதைக் கயிற்றில் கட்டி நிஜ ரோட்டோரமாக இழுத்துக்கொண்டே நடந்தார்.

2018ல் ராபர்ட் செமெக்கிஸ் இதை ஸ்டீவ் கரெலை வைத்து சினிமாவாக்கினார். கம்ப்யூட்டர் உபயத்தில் பொம்மைகள் ஓடின, சுட்டன, காதலித்தன. 2010ல் வந்த ‘மார்வென்கோல்’ ஆவணப்படத்தில் அவை இம்மியும் அசைவதில்லை. பார்ப்பதானால் அதைப் பாருங்கள்.

(தொடரும்)