மேகம் மறைத்தாலும் நெல் வயல் தெரியும்!

காவிரி டெல்டாவில் சம்பா பருவத்தில் வானம் பெரும்பாலும் மேகமூட்டமாக இருக்கும். சாதாரண செயற்கைக்கோள் படங்களில் வயல் தெரியாது. அதனால், நெல் பரப்பைக் கணக்கிட, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயன்படுத்துகிறது. இந்தச் செயற்கைக்கோளை ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-ல் ஏவியது.

சேற்றுழவு செய்து நீர் நிறுத்திய வயல் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர் கட்டி வளர வளர வெளிர் நிறமாக மாறும். 12 நாள் இடைவெளியில் எடுத்த படங்களை வரிசையாக ஒப்பிட்டால், எப்போது நடவானது, எங்கே தரிசாகக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். விதைப்பு பொய்த்த கிராமங்களைப் பயிர்க் காப்பீட்டுக்கு அடையாளம் காண இது உதவும்.

ஆனால், நிலத்தில் சாகுபடி செய்பவர் யார் என்று படம் சொல்லாது. அதற்கு அடங்கல்தான் சான்று. எனவே, காப்பீடு செய்யும் முன் அடங்கலில் சர்வே எண், பயிர், பரப்பு மூன்றும் சரியாக உள்ளனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.