ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சின் பகுதியைப் புதுப்பித்தல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னையில் தயாரிக்கப்பட்ட சிறிய பயணிகள் கார் ஆகும். வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் வெளிவந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. அந்த ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி 1962இல் உருவாக்கப்பட்டதுதான் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே, நம் ஊர் ஹெரால்டின் பானட்டைத் திறந்தால் தெரிவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் நெருங்கிய உறவினர். பழைய ஹெரால்டு ஒன்றைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு உதிரிபாகம் தேடும்போது இந்த உறவு பெரிதும் கைகொடுக்கும். பொருந்தாத பாகத்தை வாங்க வைப்பதும் இதே உறவுதான்.

குடும்ப உறவு

ஹெரால்டின் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரை வடிவமைத்தவரும் அவரே. ஹெரால்டு வந்த காலத்தில் பெரும்பாலான சிறிய கார்கள் சேசிஸும் உடலும் ஒன்றான கட்டமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டாக உடலை போல்ட் போட்டு இணைக்கும் பழைய முறையில் வந்தது. ஸ்டாண்டர்டு-ட்ரயம்ஃப் நிறுவனத்துக்கு உடல் செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதே இதற்குக் காரணம். ஆனால் பாகங்களாகக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு இந்த முறை வெகு பொருத்தமாக அமைந்தது. இன்று புதுப்பிப்பவருக்கும் அது ஒரு வரம்.

பானட் முன்புறம் கீல் கொண்டது. இரண்டு மட்கார்டுகள், முகவிளக்குகள் எல்லாவற்றோடும் மொத்தமாக முன்னோக்கிச் சாயும். அதன்பின் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். இவ்வளவு திறந்த எஞ்சின் பகுதி பியட்டிலும் இல்லை, அம்பாசிடரிலும் இல்லை.

இந்திய ஹெரால்டுக்குக் கடைசிவரை 948 சி.சி. எஞ்சின்தான். பிற்பாடு இந்தியாவுக்கென்றே வந்த நான்கு கதவு மார்க் 3க்கும், 1972இல் வந்த கெசலுக்கும் அதே எஞ்சின். ஸ்பிட்ஃபயரின் முதல் எஞ்சின் 1147 சி.சி. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 948இல் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 76 மி.மீ. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கன அளவைக் கணக்கிட்டால் 948 கிடைக்கும். நகரும் தூரத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 69.3 மி.மீ. ஆக்கினால் 1147 வரும். அதாவது சிலிண்டரை அகலப்படுத்தினார்கள், உயரத்தைத் தொடவில்லை. விட்டத்தைச் சார்ந்த பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் ஆகியவை ஹெரால்டுக்கு ஸ்பிட்ஃபயரிலிருந்து பொருந்தா. விட்டத்தைச் சாராத பல பாகங்கள் பொருந்தும்.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் ஒரு திருத்தம் அறிவிக்கப்பட்டது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ இப்படிப் பதிவான வண்டியை ஓட்ட முடியாது.

பழைய கார்களில் டீசல் எஞ்சினோ வேறு காரின் எஞ்சினோ மாற்றி வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் நம் ஊரில் பரவலாக இருந்தது. பெட்ரோல் செலவை நினைத்து அன்றைக்குச் செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்றைக்குச் செய்தால், ஒரு வார வேலையில் அந்த ஹெரால்டு தன் தகுதியை இழந்துவிடும். எனவே சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பென்சில் அச்சு எடுத்து வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். எண் தகட்டின்மேல் பெயின்ட் அடித்து மூடிவிடும் பட்டறைகள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பாகம் தேடும் வழி

பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் பகுதியில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இந்தியாவின் மோட்டார் பாகத் தொழில் வளர்ந்த இடங்களில் ஒன்று இந்தச் சுற்றுவட்டாரம்தான். வீல்ஸ் இந்தியா 1960இலும், லூகாஸ் டி.வி.எஸ். 1961இலும், பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தொடங்கப்பட்டவை. மூன்றுக்கும் பாடிதான் தாயகம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அந்தத் தலைமுறையில் பழகிய லேத் கைகளும், கிராங்க் அரைக்கும் பட்டறைகளும் இந்தப் பக்கத்தில் இன்னும் உள்ளன.

முதலில் பார்க்கவேண்டிய இடம் எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை. காயலான் கடைகளில் ஹெரால்டு என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். கெசல், ஸ்டாண்டர்டு டென் என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். இரண்டும் அதே 948 சி.சி. எஞ்சின் கொண்டவை. பழைய ஸ்டாண்டர்டு எய்ட்டின் எஞ்சின் 803 சி.சி. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் அதன் சிலிண்டர் விட்டம் 58 மி.மீ. மட்டுமே. பழைய பிஸ்டனையோ வெர்னியர் காலிப்பரையோ கையில் எடுத்துப் போகாமல் அங்கே பேரம் பேசக்கூடாது. பெட்டி பிரிக்காத பழைய சரக்குக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கலாம்.

மின்சாரப் பாகங்களில் அம்பாசிடர் உதவும். டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் பொறித்த எண்ணைப் படித்துப் பாருங்கள். அது லூகாஸ் 25டி வகையாக இருந்தால், அதே வகை பூட்டிய அம்பாசிடரின் பாயின்ட், கண்டன்சர், ரோட்டர் எல்லாம் அப்படியே உட்காரும்.

மூன்றாவது வழி இங்கிலாந்து. ஸ்பிட்ஃபயர் 1980 வரை மூன்று இலட்சத்துக்கு மேல் தயாரானது. அவற்றை வைத்திருப்போர் இன்றும் ஏராளம். அதனால் தண்ணீர் பம்ப், ஆயில் சீல், டைமிங் செயின், த்ரஸ்ட் வாஷர் போன்றவை அங்கே புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் புகழ் ஒரு குடும்பக் காருக்கு இப்படிச் சோறு போடுகிறது. இங்கும் ஓர் எச்சரிக்கை: பிற்கால ஸ்பிட்ஃபயர்களில் கிராங்கின் ஜர்னல்கள் பெரிதாக்கப்பட்டன. ஆகவே பேரிங் வாங்குமுன் நம் கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, ஆரம்பகால மாதிரிக்குரியதா என்று பார்த்துத்தான் பணம் அனுப்பவேண்டும். சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்தபின் பாகத்தைத் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. போல்ட், நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகினால் தலை உருண்டுவிடும்.

எஞ்சினில் கவனிக்கவேண்டியவை

இந்த எஞ்சின் குடும்பத்தின் பலவீனம் த்ரஸ்ட் வாஷர். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின் பேரிங்கின் இரு பக்கமும் பிறை வடிவ வாஷர்கள் இருக்கும். ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் சுமை இவற்றின்மேல்தான் விழுகிறது. சி.டி.எச். சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இவற்றுக்கு எமன். தேய்ந்த வாஷர் நழுவி ஆயில் சம்பில் விழுந்துவிட்டால், கிராங்க் நேரடியாக பிளாக்கோடு உரசும். பிளாக் போய்விட்டால் எஞ்சின் எண்ணும் போய்விட்டது என்று பொருள்.

காரை வாங்குமுன்னரே இதைச் சோதித்துவிடலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்சை மிதித்து விடவேண்டும், மற்றொருவர் கிராங்க் புல்லியைப் பார்க்கவேண்டும். புல்லி முன்னும் பின்னும் போவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. இதற்காக எஞ்சினை இறக்கவேண்டியதில்லை. சம்பையும் பின் பேரிங் மூடியையும் கழற்றினால் கீழிருந்தே புதியதை நுழைக்கலாம். பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்கவேண்டும், பேரிங்கைப் பார்த்து அல்ல.

இரண்டாவது, வால்வு இருக்கை. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நாடு முழுவதும் 2000 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஹெரால்டின் வார்ப்பிரும்பு ஹெட், ஈயம் தரும் பாதுகாப்பை நம்பிச் செய்யப்பட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் எக்சாஸ்ட் வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லக் குழிந்துபோகும். ஹெட்டை எப்படியும் கழற்றப் போகிறோம் என்றால், லேத் பட்டறையில் கொடுத்துக் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுவது அறிவுடைமை. வெளியே எதுவும் தெரியாது, மூல வடிவும் கெடாது.

ரேடியேட்டரை முழுவதுமாகக் கழுவி எடுக்கவேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். சூடேறும் காருக்கு அடைப்புதான் நோய், தெர்மோஸ்டாட் அல்ல.

பெட்ரோலும் வயரிங்கும்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் அது ஊறவைத்து உளுத்துப்போகச் செய்யும். ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் இவற்றைத் தேய்மானம் பார்க்காமல் மாற்றிவிடவேண்டும். சூடான எக்சாஸ்ட் குழாய்க்கு அருகே ஒரு துளி ஒழுகினாலும் போதும், கார் எரிந்துபோகும். பெட்ரோல் குழாய் விஷயத்தில் மட்டும் அசல் பாகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது சரியல்ல. எத்தனால் தாங்கும் புதிய குழாயே போடவேண்டும்.

வயரிங்கில் லூகாஸ் நிற முறையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வரும். வெள்ளை இக்னிஷன் சாவி வழியாக வரும். பச்சை அதற்குப்பின் பியூஸ் வழியாகப் போவது. கறுப்பு எர்த். நீலம் முகவிளக்குக்கும், சிவப்பு சிறு விளக்குகளுக்கும் உரியவை. அழுக்கில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். சிறிது மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் உண்மை நிறம் வெளிவரும். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே பேட்டரியைக் கழற்றுமுன் எந்த முனை எங்கே போகிறது என்று பார்த்து எழுதி வைக்கவேண்டும். எந்த வயரையும் கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்து, எண் எழுதிய துணுக்கு ஒன்றை அதில் கட்டிவிடவும்.

வால்வு இடைவெளி

எல்லாம் பூட்டிய பிறகு வால்வு இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு 0.010 அங்குலம், அதாவது சுமார் 0.25 மி.மீ. எட்டு வால்வுகளையும் முன்னிருந்து எண்ணிக்கொண்டால், எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒரு விதி உண்டு. கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்த விதி: கூட்டினால் ஒன்பது வரவேண்டும். முதல் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யவேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது, இரண்டாவது திறந்திருந்தால் ஏழாவது, ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவது. மறுதலையும் அப்படியே. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் எஞ்சின் கையாலேயே சுற்றும். தீப்பொறி வரிசை 1, 3, 4, 2. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டுகளைப் பட்டறைக் கையேட்டில் சொன்ன முறுக்குக்கு மறுபடி இறுக்கி, இந்த இடைவெளியையும் மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கவேண்டும்.