மரத்தின் மேல் மண்

கடலோர ரெட்வுட் மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் உயரத்தில்தான் தொடங்குவார்கள். ஹைப்பீரியன் என்ற மரம் 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. உலகில் அறியப்பட்ட மரங்களில் இதுவே மிக உயரமானது. அவ்வளவு உயர மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதன் மேலே யார் குடியிருக்கிறார்கள் என்பது அதைவிடச் சுவையான கதை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தென்மேற்கு மூலையிலிருந்து கலிபோர்னியாவின் பிக் சர் பகுதி வரை, கடலை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டுமே ரெட்வுட் மரங்கள் இயற்கையாக வளர்கின்றன. மழையெல்லாம் குளிர்காலத்தில், கோடையில் அநேகமாக இல்லை. அப்போது கைகொடுப்பது மூடுபனி. கரையோரம் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீர்மீது பசிபிக்கின் ஈரக்காற்று வீசும்போது பனி திரள்கிறது. ஊசி போன்ற இலைகள் அதைச் சேர்த்துத் தரையில் சொட்டவிடுகின்றன. டாட் டாசன் என்ற ஆய்வாளர் வட கலிபோர்னியாவில் மூன்றாண்டு அளந்து 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தக் காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைத்த நீரில் 34 சதவீதம் இந்தச் சொட்டுதான். கோடையில் மரத்துக்குள் இருந்த நீரில் பனியின் பங்கு சுமார் 19 சதவீதம். அடியில் வளரும் செடிகளிலோ 66 சதவீதம். மரம் பிடித்த பனியைச் செடிகள்தான் அதிகம் நம்பியிருக்கின்றன!

அந்தச் செடிகளில் ஒன்று நம் புளியாரையின் நெருங்கிய உறவு. மங்கிய நிழலுக்கே பழகியது. கிளைகளின் இடுக்கில் வெயில் நேராக விழுந்தால் சில நிமிடங்களில் இலையின் மூன்று சிற்றிலைகளையும் மடக்கிக்கொள்ளும்.

மேலே நடப்பது இன்னும் விசித்திரம். தடித்த கிளைகளிலும் கவைகளிலும் உதிர்ந்த இலைகள் நூற்றாண்டுக் கணக்கில் மக்கி மண்ணாகின்றன. அதில் தோல்போன்ற தடித்த இலையுள்ள பெரணி மெத்தையாகப் படர்கிறது. ஹக்கிள்பெரிப் புதர்கள் காய்க்கின்றன. ஈரம் ஊறிய அந்த மெத்தைக்குள் நுரையீரல் இல்லாமல் தோலால் சுவாசிக்கும் சாலமாண்டர் வாழ்கிறது. நீரில் வாழும் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகூட அங்கே கிடைத்திருக்கிறது.

பழைய ரெட்வுட் காட்டில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 5 சதவீதம். மற்றதை வெட்டிவிட்டார்கள். ரெட்வுட் வெட்டிய அடிமரத்திலிருந்தே மீண்டும் துளிர்த்து வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் இளமரத்தில் தடித்த கிளையும் இல்லை, மண்ணும் இல்லை. மார்பில்டு மரலட் என்ற கடற்பறவைக்கு அது போதாது. கடலில் மீன் பிடித்துவிட்டு உள்நாட்டுக்குப் பறந்து வந்து, பாசி படர்ந்த முதிய கிளையில் ஒரே ஒரு முட்டையிடும் பறவை அது. அதன் கூடு எங்கே என்று அறிஞர்கள் நெடுங்காலம் தேடினார்கள். 1974இல், பிக் பேசின் ரெட்வுட் பூங்காவில் டக்ளஸ் ஃபிர் மரமொன்றில் பராமரிப்புக்காக ஏறிய தொழிலாளி ஒருவரின் கண்ணில்தான் அது பட்டது.