காற்றும் பஞ்சாங்கமும்

திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் படம் பிடித்துப் பிழைப்போருக்கு எசமானர் இருவர். ஒருவர் காற்று, மற்றவர் பஞ்சாங்கம்.

சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை கீழைக்கடல் அமைதி கொள்ளும். நிலாவெளியிலும் புறாத்தீவிலும் பயணிகள் நிறைவர். வாடை எழுந்து ஐப்பசி மாரி இறங்கினால் கரை வெறிச்சோடும். பஞ்சாங்கத்தின் கணக்கோ வேறு. ஆடியிலும் மார்கழியிலும் சைவர் மணவினை நிகழ்த்தார்; ஆவணியிலும் தையிலும் மேளம் ஓயாது.

இரண்டையும் இணைத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். ஆடியில் கடற்கரை சோறிடும். தையில் மணப்பந்தல் சோறிடும். முஸ்லிம் மக்களுக்கோ ஆடி விலக்கன்று. நோன்பு மாதத்திலேயே மணவினை அரிது. அம்மாதமும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும். பல சமூகங்கள் கூடி வாழ்வதே இத்தொழிலுக்குக் காப்பு. ஒரே வாடிக்கையை நம்பலாகாது என்பதை, 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்து அகன்றபோதே இத்துறைமுகம் கண்டுகொண்டதன்றோ?

எனினும் இடர் இரண்டு உள. ஒரே முகூர்த்தத்தில் மூன்று வீட்டார் அழைப்பர். ஆசையால் அனைத்தையும் ஏற்பவர், பழகாத கையிடம் கருவியைக் கொடுத்தனுப்புவார். தவறவிட்ட தாலிகட்டை மீண்டும் படமாக்க இயலுமோ? முதலில் வந்தவருக்கு வாக்களித்து, ஏனையோரைத் தேர்ந்த தோழரிடம் ஆற்றுப்படுத்துவதே அறம்.

மார்கழியில் எசமானர் இருவருமே கைவிடுவர். அம்மாதத்துக் கடை வாடகையும் உதவியாளர் கூலியும் ஆவணி வருவாயிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் வில்லைகளைப் பேணுதலும், நிலுவையிலுள்ள ஆல்பங்களை முடித்தலும் அப்போதைய பணிகள். மாரிக்கு முன்னரே வைக்கோல் சேர்க்கும் உழவனின் அறிவு படக்காரருக்கும் வேண்டும்.