சூரிய கிரகணம்: அச்சமும் அறிவும்

2010 சனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் யாழ்ப்பாண வானில் கங்கண சூரிய கிரகணம் தோன்றியது. சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. தூரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒத்த அளவினவாகத் தெரிகின்றன. சந்திரன் புவியிலிருந்து சற்றுத் தொலைவில் நிற்கும்போது சூரியனை முற்றாக மறைப்பதில்லை. எஞ்சும் ஒளிவிளிம்பே கங்கணமாகும். சந்திரனின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளமையால் அமாவாசைதோறும் கிரகணம் நிகழ்வதில்லை. பஞ்சாங்கம் இராகு, கேது எனக் கணிப்பது சூரிய, சந்திர பாதைகள் வெட்டும் புள்ளிகளையே. கணிக்கத்தக்க ஒன்றுக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும், அச்சத்தைக் களைந்தோம் என்று வெறுங்கண்ணால் சூரியனை நோக்குதல் பகுத்தறிவாகாது. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லை. அது கருகுவதை நாம் அறியோம். புகையூட்டிய கண்ணாடியும் எக்ஸ்-கதிர்ப் படமும் ஒளியை மங்கச்செய்யினும், கட்புலனாகாத செங்கீழ்க் கதிர்களைப் போதியளவு தடுப்பதில்லை. நீரில் தெரியும் விம்பமும் ஆபத்தானதே.

அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளைவழி விழும் விம்பத்தை வெண்தாளில் காணலாம். மரநிழலில் இலைகளின் இடைவெளிகளும் அவ்வாறே நிலத்தில் பிறைகளை வரையும். சிறுவரை அறைக்குள் அடைத்து வையாது, இவற்றைக் காட்டி விளக்குவதே நம் கடனாகும்.